ஜிட்சியை நிறுவுவது எளிது, அதற்குப் பிறகு?

ஜிட்சி மீட் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவச் சொல்லித்தரும் வழிகாட்டிகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. எளிதான பகுதியைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கஷ்டமானதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

எளிதானது இதுதான்: உபுண்டு அல்லது டெபியன் சர்வர், ஒரு டொமைன் பெயர். ஜிட்சியின் ரெப்பாசிட்டரியைச் சேர்த்து ஆப்ட் மூலம் நிறுவினால் பிராசடி, ஜிகோஃபோ, வீடியோபிரிட்ஜ் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபயர்வாலில் டிசிபி 80, 443, யுடிபி 10000 திறக்கணும். அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

ஆனால், "பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே சர்வர் ஆக்கலாமே?" என்று திருச்சுழியில் இருந்து ஒருவர் கேட்டால்? பெரும்பாலும் சரிவராது. மொபைல் இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஒரே பொது ஐபிவி4 முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். நாம் வெளியே போகலாம். வெளியிலிருந்து நம் சர்வரைத் தேடி யாரும் வர முடியாது. ஐபிவி6 இருந்தாலும், அது இல்லாதவர் வெளியிலேயே நிற்பார்.

அடுத்தது அப்லோடு. பத்துப் பேர் கேமராவோடு பேசினால் சர்வருக்குள் வருவது 10 வீடியோ. ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது பேரையும் காட்ட வேண்டும் என்றால் வெளியே போவது 90. வீட்டு இணைப்பு திணறிவிடும். ஆகவே மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கிறோம். 'சொந்த சர்வர்' என்பது பெரும்பாலும் வாடகை வீடுதான்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? மூன்றாவது ஆள் சேர்ந்ததும் பேச்சு வீடியோபிரிட்ஜ் வழியாகப் போகிறது. வழியில் குறியாக்கம் உண்டு. சர்வரில் அது அவிழ்கிறது. முனைக்கு முனை குறியாக்கத்தைத் தனியாக இயக்காதவரை, சர்வர் யார் கையிலோ அவர் நினைத்தால் கேட்க முடியும். இன்னொன்று, 2023 ஆகஸ்டில் ஜிட்சியின் பொதுத் தளத்தில் அறை திறக்க கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் கணக்குகளில் ஒன்று கட்டாயமானது. தவறான பயன்பாட்டைத் தடுக்க என்றார்கள், நியாயம்தான். ஆனால் கணக்கே வேண்டாம் என்று நம்பி வந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இலவசத் திண்ணையின் விதியை வீட்டுக்காரர்தான் எழுதுவார்.

வழிகாட்டிகள் அழுத்திச் சொல்லவேண்டிய எச்சரிக்கையும் இங்கேதான். புதிதாக நிறுவிய ஜிட்சியில் முகவரி தெரிந்த யாரும் அறை திறக்கலாம். பிராசடியில் பயனர் பெயர், கடவுச்சொல் அமைக்கும் வேலை தனி. அப்டேட்டுகள், மாத வாடகை, டொமைன் புதுப்பிப்பு, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேணும்.

குடிமராமத்து நின்ற கண்மாய் என்ன ஆகும் என்று இந்த வறண்ட சீமைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சர்வரும் அப்படித்தான். தனியாளாக நிறுவாதீர்கள் என்பேன். ஒரு நூலகம், ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள், ஒரு விவசாயிகள் குழு என நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சர்வரை வைத்துக்கொள்ளுங்கள். ரூட் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.