பிளான் முடிவதற்கு முன்பே மேஸ்திரி

இலங்கையின் வடமேல் மாகாணத்தில், நிக்கவரட்டிய ஊருக்கு அருகே பொலொந்தலாவ என்று ஒரு தோட்டம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே மேலாளருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவும் அவரோடு வேலை செய்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் இடம் பார்க்கப் போனார்கள். பெரும் பாறைகள் சிதறிக் கிடந்த ஒரு மூலை அவர்களுக்குப் பிடித்துப்போனது. வீட்டை அவர்கள் வரைபலகையில் தொடங்கவில்லை. குச்சி நட்டு, கயிறு கட்டி, தரையிலேயே அறைகளைக் குறித்தார்கள். எந்தப் பாறை சுவராக நிற்கும், உத்தரம் எந்தப் பாறையின் மேல் உட்காரும் என்பதெல்லாம் அங்கே நின்றுதான் முடிவாயின.

கடலுக்கு இந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், லாரி பேக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆர்க்கிடெக்டும் அவரே, கட்டிக்கொடுப்பவரும் அவரே. பழகிய கொத்தனார்கள், தச்சர்களோடு தினமும் வேலையிடத்தில் நின்றார். துண்டுத்தாளில் வரைந்து காட்டினார். சுவர் எழும்போதே ஜன்னலை நகர்த்தினார், மரம் குறுக்கே வந்தால் சுவரை வளைத்தார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் ட்ராப் பாண்ட் முறை அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. வழக்கமான 9 அங்குலச் சுவரைவிட அதில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும்.

இந்த இருவரையும் காட்டி, எல்லாரும் இப்படியே செய்யலாம் என்று சொல்லிவிட முடியாது. பாவாவின் பின்னால் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் போன்ற பங்காளியும் தேர்ந்த ஓர் அலுவலகமும் இருந்தன. பேக்கரின் வீடுகளில் ஆர்க்கிடெக்டுக்கும் கட்டுபவருக்கும் சண்டை வரவில்லை என்றால், இருவரும் ஒரே ஆள் என்பதுதான் காரணம். நாமோ வங்கியில் கடன் வாங்கி, வரைய ஒருவரையும் கட்ட இன்னொருவரையும் வைத்து, வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள். ஆனாலும் அந்த வீடுகளில் ஒரு பாடம் இருக்கிறது: வடிவம் இன்னும் மாறக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைக் கட்டப்போகிற கை அருகில் இருந்தது. இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் தனி வீடு கட்டும் முறை அந்தக் கையை வெவ்வேறு விதமாகத் தள்ளி வைக்கிறது.

கொழும்பில் ஆர்க்கிடெக்ட் வைத்துக் கட்டும் வீட்டில் காகிதம் முன்னால் போகும். வரைபடம் முடிந்ததும் குவாண்டிட்டி சர்வேயர் வருவார். அத்திவாரக் கொங்கிரீட் எத்தனை கன மீட்டர், பூச்சு எத்தனை சதுர மீட்டர், கதவு எத்தனை என்று வரிவரியாக அளவுப் பட்டியல் போடுவார். அதை வைத்து இரண்டு மூன்று ஒப்பந்தகாரர்களிடம் விலை கேட்பார்கள். பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிவுசெய்யும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதற்கு முன் இக்டாட் என்ற நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. அதன் மாதிரி ஒப்பந்தப் படிவங்களைச் சிறிய வேலைகளுக்கும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். எதற்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பதால், மாற்றம் வரும்போது அதன் விலையைப் பற்றிப் பேச ஓர் அடிப்படை இருக்கிறது. குறை என்னவென்றால், கல்லை எடுத்து வைக்கப்போகிற மேசன் பாஸ் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பது எல்லாம் கையெழுத்தான பிறகுதான். படிக்கட்டின் அடியில் தலை இடிக்கும் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய ஆள் அவர். அந்த நிமிடம் அவருக்குக் கிடைப்பதற்குள் விலையும் நாளும் முடிவாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் வரிசை தலைகீழ். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு ஆர்க்கிடெக்டே கிடையாது. என்ஜினீயர் ஒருவர் அனுமதிக்கு ஒரு பிளான் போட்டுத் தருவார், மேஸ்திரி முதல் நாளிலிருந்து கூடவே இருப்பார். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டம் காப்பது அந்தப் பட்டத்தைத்தானே தவிர, வரையும் தொழிலை அவர்களுக்கு மட்டுமே ஒதுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் சொல்லிவிட்டது. 2024-இல் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லது. ஆனால் அனுமதிக்குப் போகும் பிளான் வேறு, கட்டுவதற்கு வேண்டிய பிளான் வேறு. முதலாவது கையில் வந்ததுமே இரண்டாவதும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆர்க்கிடெக்டை வைத்துக் கட்டுகிறவர்களும் ஒப்பந்தம் என்று வந்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். இங்கேதான் பெரும்பாலான மனக்கசப்புகள் முளைக்கின்றன. பால்கனி முழு அளவா, பாதி அளவா? மாடிப்படி அறை சேர்த்தியா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் தனியா? சதுர அடி விலை எல்லாச் சுவரையும் ஒரே சுவராக நினைக்கிறது. ஆர்க்கிடெக்ட் ஓரிடத்தில் பூசாத செங்கல் சுவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பூச்சு மிச்சம்தானே, மலிவுதானே என்று வீட்டுக்காரருக்குத் தோன்றும். ஆனால் கல் பொறுக்க வேண்டும், இணைப்பு ஒரே கனத்தில் ஓட வேண்டும், சிந்திய சாந்தை உடனே துடைக்க வேண்டும். வழக்கமான சுவரில் ஒரு நாளில் ஏறும் உயரம் இதில் ஏறாது. அந்தக் கூலியை மேஸ்திரி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால், அந்தச் சுவர் கெட்டுப்போகும், அல்லது எப்படியாவது பூசப்பட்டுவிடும். ராட் ட்ராப் பாண்ட் நல்லதென்று பலருக்கும் தெரிந்தும் ஊரெல்லாம் பரவாததற்கு இந்த விலை முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குறை மேஸ்திரியின் நேர்மையில் இல்லை. அவருக்குக் கொடுத்த கணக்கில் அந்தச் சுவருக்கு ஒரு வரி இல்லை.

ஆர்க்கிடெக்டுக்கும் கட்டுபவருக்கும் உள்ள உறவைக் கூரையும் மாற்றுகிறது. இலங்கையில் இன்னும் நிறைய வீடுகளுக்கு மேலே மரச்சட்டமும் ஓடும் சாய்வுக் கூரையும்தான். அங்கே தச்சு வேலைக்காரர் வேலையிடத்தின் இன்னொரு தலைவர். விளக்குப் புள்ளியைப் பற்றி ஆர்க்கிடெக்ட் தாமதமாக முடிவெடுத்தாலும் சீலிங்குக்கு மேலே வயரை இழுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் தலைக்கு மேலே கான்கிரீட். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, பைப்புகளைக் கம்பிக்கு நடுவே ஓட்டிய பிறகு ஒரே நாளில் தளம் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த நாளுக்குள் வராத முடிவு பிறகு உளியோடுதான் வரும். அதனால் இங்கே ஆர்க்கிடெக்டின் மின் வரைபடம் வீடு முடியும் தறுவாயில் தரும் அலங்காரம் அல்ல. கம்பி கட்டுபவர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் இருவர் கையிலும் இருக்க வேண்டிய பொருள் அது. கழிவறைத் தளத்தை எவ்வளவு தாழ்த்துவது என்பதும் அப்படித்தான்.

மனையடி சாஸ்திரத்தைப் பற்றி ஆர்க்கிடெக்டுகள் பேசத் தயங்குவார்கள். பேசியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வாஸ்து, யாழ்ப்பாணத்தில் நிலையம் பார்ப்பது என்று இரண்டு கரையிலும் வீட்டுக்கு இன்னொரு வடிவமைப்பாளர் இருக்கிறார். அவர் பிளான் முடிந்த பிறகு வந்தால் அடுப்படியும் வாசலும் இடம் மாறும், மேஸ்திரி கையில் இரண்டு பிளான் இருக்கும். முதலிலேயே அழைத்துவிட்டால் அவர் சொல்வதும் மனையைப் பற்றிய ஒரு நிபந்தனையாகிவிடும், சாலை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்பதைப் போல. இதில் ஒரு நுட்பமும் உண்டு. மனையடி அளவு உள்கூடு அளவு. 10 அடி அறை வேண்டும் என்றால் அது செங்கல்லுக்குச் செங்கல்லா, பூச்சுக்குப் பூச்சா? இரண்டு சுவரின் பூச்சும் சேர்ந்து ஓர் அங்குலம் தின்றுவிடும். வரைபடத்தில் அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டதற்காகக் கட்டிய சுவரை இடிக்க நேர்வது எவ்வளவு வேதனை!

விலை ஏற்றத்தில் இலங்கை பட்ட அடி பெரிது. 2021-இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த 50 கிலோ சிமெண்ட் மூட்டை, 2022-இன் நெருக்கடியில் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. நிலையான விலைக்குக் கையெழுத்திட்டவர்களின் வீடுகள் பாதியில் நின்றன. பெரிய வேலைகளுக்கு அங்கே ஒரு வழி உண்டு. நிர்மாணத்துறை அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டிகளை வைத்து ஒப்பந்தத் தொகையை ஏற்றி இறக்கும் சூத்திரம் அது. வீட்டு ஒப்பந்தத்தில் அவ்வளவு கணக்கு வேண்டாம். சிமெண்ட், கம்பி, மணல் மூன்றுக்கும் கையெழுத்து நாளின் விலையை எழுதி, அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகர்ந்தால் வித்தியாசம் வீட்டுக்காரருக்கு என்று ஒரு வரி போதும். ஏற்றத்தைக் கட்டுபவரின் தலையில் மட்டும் கட்டினால் அவர் அதைக் கலவையில் தேடிக்கொள்வார். அப்போது ஆர்க்கிடெக்ட் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசு உதவியோடு கட்டப்பட்ட வீடுகள் இரு நாட்டையும் சேர்த்துப் பார்க்க வைப்பவை. 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒப்பந்தகாரரை விலக்கி, ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயை வேலை எழும்ப எழும்பத் தவணையாகக் கொடுத்தார்கள். குடும்பமே மேசனைப் பிடித்துக் கட்டியது. கண்ணுக்குத் தெரியும் வேலைக்குப் பணம் என்ற அந்தப் பழக்கம், ஆர்க்கிடெக்டின் வரைபடமும் சேர்ந்தால், தனி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

இன்று யாழ்ப்பாணத்தில் எழும் பல வீடுகளின் சொந்தக்காரர் டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கிறார். தமிழ்நாட்டிலோ அவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். வேலையிடத்தில் நிற்பது அப்பா, மாமா, மச்சான். சுவருக்குத் தண்ணீர் விட்டு நனைத்துக் காப்பது முதல் மணல் லாரியை எண்ணுவது வரை இந்தப் பெரியவர்கள் செய்யும் வேலைக்கு விலையே இல்லை. ஆனால் ஆர்க்கிடெக்ட் ஒன்று சொல்ல, வாட்ஸப்பில் மகன் ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொன்னால் மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பார்? பக்கத்தில் இருப்பவர் பேச்சைத்தான். ஆர்க்கிடெக்ட் தினமும் வர மாட்டார், அவருடைய ஒப்பந்தமும் பொதுவாக அவ்வப்போது வந்து பார்ப்பதற்குத்தான். எனவே மாற்றம் எதுவானாலும் ஒரே ஆள் வாயிலாக, எழுத்தில், விலையோடு போக வேண்டும். மேஸ்திரியின் கேள்வியும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். “சார், இங்க பீம் வந்தா ஜன்னல் தலை தட்டுமே” என்று மதுரையில் கேட்டாலும், “ஐயா, இதில பீம் வந்தால் யன்னல் எப்பிடித் திறக்கிறது?” என்று சாவகச்சேரியில் கேட்டாலும், அந்தக் கேள்விக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்வது ஆர்க்கிடெக்டின் கடமை. பதில் வராத கேள்விக்கு மேஸ்திரி தானே பதில் எழுதிவிடுவார், சிமெண்டில்.

இரு நாட்டு வழக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தமிழ்நாட்டிலிருந்து, மேஸ்திரி முதலிலேயே வந்து உட்காரும் பழக்கம். இலங்கையிலிருந்து, அளவுப் பட்டியல். பிளான் பாதி முடிந்த நிலையில் கட்டப்போகிறவரை ஆர்க்கிடெக்டின் மேசைக்கு அழைத்து, அந்த நாட்களுக்குக் கூலி கொடுங்கள். வேலை பிறகு வேறொருவருக்குப் போனாலும் அந்தக் கூலி அவருடையது. அப்படிக் கொடுத்தால்தான் அவர் விற்பனைப் பேச்சைவிட்டு உண்மையான சந்தேகங்களைச் சொல்வார். பிறகு வழக்கத்துக்கு மாறான ஒவ்வொரு வேலைக்கும், பூசாத சுவரோ ஆத்தங்குடித் தரையோ, நாலடிக்கு நாலடி மாதிரி ஒன்று செய்து பாருங்கள். இருவரும் அதைப் பார்த்து விலை பேசட்டும்.

கடைசிப் பணத்தில் இலங்கையின் முறையைத் தமிழ்நாடு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே முறையாக எழுதப்படும் ஒப்பந்தங்களில் பொதுவாக 5 சதவீதத்தைப் பிடித்து வைத்து, குறைகள் தெரியவரும் காலம் முடிந்த பின் விடுவிப்பார்கள். இங்கே கடைசித் தவணை பெரும்பாலும் கிரகப்பிரவேச நெருக்கடியில் முழுசாகக் கைமாறும், அல்லது காரணம் சொல்லாமலே நின்றுபோகும். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் மழை ஒன்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை ஒருமுறை வீடு தாங்கிய பிறகு அந்த 5 சதவீதம் கட்டியவரிடம் போகட்டும். வெடிப்பையும் கசிவையும் பார்க்க அன்று ஆர்க்கிடெக்டும் வர வேண்டும். அவருடைய கட்டணத்தின் கடைசித் தவணையையும் அதே நாளுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.