ஆஸ்போர்ன் மாளிகை: தழுவலும் போலியும்

பிறநாட்டுக் கட்டடப் பாங்கைத் தழுவி எழுந்த மாளிகைகளைப் போலி எனத் தள்ளுவாரும் உளர். தழுவியது ஒன்றே கருதிப் போற்றுவாரும் உளர். இவ்விரு முடிபும் பொருந்தா என்பது, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவிலுள்ள ஆஸ்போர்ன் மாளிகையை ஆராய்வார்க்குப் புலனாகும்.

விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் இந்நிலத்தை 1845-இல் வாங்கினர். இலண்டன் கட்டட ஒப்பந்தக்காரர் தாமஸ் கியூபிட்டின் துணைகொண்டு ஆல்பர்ட்டே அமைப்பை வகுத்தார். அரச குடும்பம் உறையும் பகுதி 1846-இலும், மாளிகை முழுவதும் 1851-இலும் முடிவுற்றன. எதிரே விரியும் சோலண்ட் நீரிணை ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவூட்டியது என்பர். இத்தாலியப் பாங்கு தோன்றியதற்கு அக்காட்சியே வித்து எனலாம்.

வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக மரபியல் கூறும். மூலத்தின் பொருளைக் கொள்ளும் மொழியின் இயல்புக்கேற்ப அமைப்பதே நல்ல மொழிபெயர்ப்பு. அவ்வளவைகொண்டு இம்மாளிகையை நோக்குவோம். இருபுறமும் ஒத்து நில்லாத இரு கோபுரங்கள், தாழ்ந்த கூரை, வில்வளைவுத் திறப்புகளையுடைய மேன்மாடம், கடல் நோக்கிப் படிப்படியாக இறங்கும் தோட்ட மேடைகள் ஆகியன இத்தாலி தந்தவை. எனினும், வெயிலை விலக்கும் தென்னாட்டு மாளிகை போலன்றி, ஒளியை வேண்டும் வடநாட்டு இல்லத்திற்கேற்ப, கடல் நோக்கிய கூடத்தில் புடைத்து நிற்கும் பெருஞ்சாளரம் அமைந்தது. தளங்களைத் தாங்க வார்ப்பிரும்பு உத்தரங்கள் பயன்பட்டன. இவை தழுவலின் சிறப்பு. செங்கற் சுவருக்குச் சிமெந்துச் சுதை பூசிக் கல்லெனத் தோற்றுவித்ததோ குறையே. போலி என்னும் பழி இப்பூச்சளவில் பொருந்தும், அமைப்பிற்குப் பொருந்தாது.

1890-91-இல் சேர்க்கப்பெற்ற தர்பார் மண்டபம் வேறொரு வினாவை எழுப்புகின்றது. இலாகூரைச் சேர்ந்த பாய் இராம் சிங், ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் மேற்பார்வையில் இதனை அணிசெய்தார். விதானத்தின் நுண்ணிய சுதை வேலையும் கணப்பின்மேல் தோகை விரித்த மயிலும் அவர் புலமைக்குச் சான்றுகள். ஆயினும், மாளிகையின் புறத்தோற்றத்தில் இந்தியக் கலைக்கு இடமில்லை; அதே இத்தாலியப் பாங்கே அங்கும் தொடர்கின்றது. இத்தாலி வீட்டின் உருவத்தையே வகுத்தது. இந்தியாவோ ஓர் அறையின் உள்ளணியாக நின்றது. விருப்பத்தால் கொண்ட கலைக்கும் ஆட்சியால் வந்த கலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்க. ஆஸ்போர்னை ஆல்பர்ட்டின் படைப்பாக மட்டும் காண்பது இக்காரணத்தாலும் நிரம்பாது. இராம் சிங்கின் பெயரும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

அரசி 1901 சனவரி 22-இல் இங்கேயே மறைந்தார். ஏழாம் எட்வர்டு அடுத்த ஆண்டில் மாளிகையை நாட்டிற்கு அளித்தார். 1903 முதல் 1921 வரை வளாகத்தில் கடற்படைக் கல்லூரி நடைபெற்றது. இன்று மக்கள் கண்டுசெல்லும் நினைவிடமாக விளங்குகின்றது.

தழுவல் என்பது பழியுமன்று, புகழுமன்று. கொண்டது அமைப்பின் உள்ளே கலந்ததா, மேற்பரப்பில் ஒட்டி நின்றதா என்பதே திறனாய்வார் வினவத்தக்கது. அவ்வினாவிற்கு ஒரே கூரையின்கீழ் இருவேறு விடை தருதலே ஆஸ்போர்னின் தனித்தன்மை என்பது எம் கருத்து.