கிரகடோவாவை வெடிக்கவைத்தது கடல்நீரா?

பேலியகொடையில், களனி ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு எரிமலை என்பது தூரத்துச் சங்கதி. ஆனாலும் 1883 ஓகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த ஓசை இலங்கையிலும் கேட்டது. அது எழுப்பிய அலை கிழக்குக் கரையின் பாணமையில் ஒரு பெண்ணைப் பலிகொண்டது. சுந்தா நீரிணையோரம் மாண்டவர்கள் 36,000க்கும் மேல். இத்தனை விசை எங்கிருந்து வந்தது?

பலரும் கடல்நீரைக் கைகாட்டினர். கொதிக்கும் குழம்புக்குள் நீர் புகுந்து ஆவியாகி வெடித்ததாம். லண்டன் ரோயல் சொசைட்டியின் 1888ஆம் ஆண்டு அறிக்கையில் புவியியலாளர் ஜோன் ஜட் இதைத் திருத்தினார். விசை மக்மாக் குழம்பில் கரைந்திருந்த வாயுவினுடையது. கடல்நீர் மேற்பரப்பைக் குளிரவைத்து அதன் வழியை அடைத்தது என்றார்.

இதில் முதற்பாதி அசைக்க முடியாதது. மக்மா மேலேற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீராவியும் காபனீரொட்சைட்டும் குமிழிகளாகப் பிரிகின்றன. இதற்கு எல்லாரும் சொல்லும் சோடாப் போத்தல் உவமை பாதிவழியில் கைவிட்டுவிடும். போத்தலின் சுவர் கசியாது. எரிமலைக் குழாயின் சுவர் கசியும். குமிழிகள் இணைந்து வழி கண்டால் வாயு நழுவிவிடும், குழம்பு சாதுவாக வழியும். அந்தமானின் பாரன் தீவில் இளகிய பசால்ட் குழம்பு வாயுவை எளிதில் விட்டுவிடுவதால் அங்கே பெரும்பாலும் சிறு வெடிப்புகளும் லாவா ஓட்டமுமே. சிலிக்கா மிகுந்த கிரகடோவாக் குழம்போ பிசுபிசுப்பானது. குமிழிகளைப் பிடித்துவைத்து, கடைசியில் தானே நுரைகல்லாகச் சிதறியது.

அடைப்புக்குக் கடல் தேவையே இல்லை என்பதுதான் ஜட் காணாத இடம். நீரை இழந்த குழம்பு மேலும் இறுகும், அதில் பளிங்குகள் வளரும், குழாய் தானாக அடைபடும். பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலையில் 1991 மே நடுவில் நாளுக்குச் சுமார் 500 டொன்னாக இருந்த கந்தகவீரொட்சைட்டு, மே 28இல் 5,000ஐத் தாண்டி, ஜூன் 5இல் 280ஆக விழுந்தது. குழாய் அடைபட்டதாக இது வாசிக்கப்பட்டது. ஜூன் 15இல் மலை வெடித்தது. வாயு குறைந்தால் சரக்குத் தீர்ந்தது என்றும் கொள்ளலாமே எனக் கேட்பது நியாயம். அங்கு நிலநடுக்கங்கள் பெருகியதும், ஜூன் 7இல் லாவா மேடு எழுந்ததும் அந்த வாசிப்பைத் தள்ளின. வாயு அளவு தனியே சாட்சியாகாது.

ஆகவே ஜட்டின் ‘அடைப்பு’ நிற்கும், ‘கடல்நீர்’ துணைக் காரணமாக மட்டுமே. எரிமலையின் சீற்றத்தைத் தீர்மானிப்பது வாயுவின் அளவைவிட அது எவ்வளவு எளிதில் வெளியேறுகிறது என்பதே.