துன்பத்தின் வரவுக் கணக்கு

துன்பம் மனிதனைப் புடம் போடுகிறது என்ற நம்பிக்கை நம் எழுத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. பாத்திரம் அடிபட வேண்டும். முடிவில் ஒரு ஞானம் சித்திக்க வேண்டும். வாசகனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று உயர்ந்துவிட வேண்டும். இந்தச் சூத்திரத்தை வாச்சாத்தியில் வைத்துப் பார்க்கலாம்.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். தீர்ப்பு 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

19 வருஷம் பின்வாங்காமல் நின்ற அப்பெண்களின் திடம் தார்மீக வளர்ச்சிதான். ஆனால் அது துன்பம் தந்த வரம் அல்ல. துன்பத்தை எதிர்த்து அவர்கள் சம்பாதித்தது. அந்த வரவை வன்முறையின் பேரில் எழுதினால் நன்றியும் லத்திக்கே சேர வேண்டியிருக்கும். திடம் வாய்க்காமல் ஒடிந்துபோகிறவர்களின் வலிக்கு அப்போது என்ன கணக்கு?

தாஸ்தாயெவ்ஸ்கியின் இவான் கரமஸோவ், ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கேட்கும் பிரபஞ்ச இசைவு தனக்கு வேண்டாம் என்கிறான். வாச்சாத்தியை எழுத வருபவனுக்கும் இந்த மறுப்பே முதல் தகுதி. வாசகன் உயரட்டும், உயராமல் போகட்டும். அவர்கள் பட்டது அதற்கான கட்டணம் அல்ல.