ஒரே வரி மேக்ரோவும் தொலைந்துபோகும் பெயர்களும்

எக்செல் சொல்லிக்கொடுப்பவர்கள் நடுவே ஒரு குறுக்குவழி இப்போது பெரிய மரியாதையோடு உலவுகிறது. கோப்புகளைத் தேட இருபது முப்பது வரி எழுத வேண்டாம். விபிஏ மேக்ரோவிலிருந்து விண்டோஸின் கறுப்புச் சாளரத்தைக் கூப்பிட்டு, டிர் கட்டளையை எஸ், பி என்ற இரண்டு சுவிட்சுகளோடு ஓட விட்டால் போதும், டிரைவில் உள்ள அத்தனை கோப்புகளின் பட்டியலும் ஷீட்டில் வந்து இறங்கிவிடும். அண்மையில் ஒரு பயிற்றுநர் என்னிடம் இதைக் காட்டிவிட்டு, "வேகமா இருக்கு, சுருக்கமா இருக்கு, வேற என்ன சார் வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேகம் உண்மை. மேக்ரோவுக்குள்ளேயே ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்டை வைத்து ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கித் தேடினால், நெட்வொர்க் டிரைவில் டீ குடித்துவிட்டு வரலாம். டிர் அதை மிக விரைவாக முடித்துவிடும். இந்தப் பழக்கம் வந்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. எக்செலிலேயே ஃபைல்சர்ச் என்று ஒரு வசதி இருந்தது. 2007 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. நிர்க்கதியாக நின்றவர்கள் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் குறைகளிலும் நான் நிற்கப்போவதில்லை. விபிஏவின் ஷெல், கட்டளையை ஏவிவிட்டு அது முடியும்வரை காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பட்டியல் பாதி எழுதப்பட்டிருக்கும்போதே மேக்ரோ அதை வாசித்துவிடக்கூடும். ஏ சுவிட்சைச் சேர்க்காவிட்டால் மறைக்கப்பட்ட கோப்புகள் வராது. ஆஃபீஸ் மென்பொருள் வேறொரு நிரலைத் தொடங்குவதையே தடுக்கும் பாதுகாப்பு விதியைப் பல நிறுவனங்கள் போட்டிருக்கின்றன. வைரஸ்களும் இதே வழியில் வருவதால் அந்தத் தடை சரியானதுதான். இவை எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு உண்டு. என் மறுப்பு வேறு. பல வருடங்களாக நான் சொல்லிவருவது: இந்த முறைக்குத் தமிழ்ப் பெயர்கள் தெரியாது. தெரியாது என்று அது சொல்வதும் இல்லை.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஃபோல்டரில் நான்கு பிடிஎஃப் கோப்புகளை வையுங்கள். மூன்றுக்குத் தமிழில் கண்ணன், முத்து, செல்வி என்று பெயர். நான்காவதற்கு ஆங்கில எழுத்தில் லெட்ஜர். இப்போது அந்த ஒரே வரி மேக்ரோவை ஓட்டுங்கள். ஷீட்டில் நான்கு வரிகள் வரும். லெட்ஜர் அப்படியே இருக்கும். மற்ற மூன்று வரிகளிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வந்திருப்பது இது: ??????

மூன்றிலும் ஆறு ஆறு கேள்விக்குறிகள். நாம் எண்ணுகிற கணக்கில் கண்ணனுக்கு நான்கு எழுத்து, முத்துவுக்கும் செல்விக்கும் மும்மூன்று. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மூன்று பெயருமே ஆறு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆகிவிட, மூன்று பேரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' பொத்தானை அழுத்தினால் இரண்டு பேர் காணாமலே போவார்கள்.

விண்டோஸுக்குத் தமிழ் தெரியாது என்று இதற்குக் காரணம் சொல்லக் கூடாது. விண்டோஸ் 2000 முதலே அதில் தமிழ் உண்டு. என்டிஎஃப்எஸ் டிஸ்கில் பெயர்கள் யூனிகோடில்தான் பதிவாகின்றன. கறுப்புச் சாளரத்திலும் பெயர் கெடுவதில்லை. அங்கே எழுத்துரு இல்லாமல் கட்டங்களாகத் தெரியலாம். அந்தக் கட்டங்களை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் கண்ணன் முழுசாக எழுந்து வருவான். பெயர் கெடுவது கைமாறும் இடத்தில். டிர் தன் விடையைத் திரைக்கு அனுப்பாமல் மேக்ரோவுக்கோ ஒரு கோப்புக்கோ அனுப்பும்போது, பழைய 256 இடப் பட்டியல் ஒன்றுக்குள் எழுத்துகளைத் திணிக்கிறது. நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது 437ஆம் எண் பட்டியல், 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்து வரிசை. அதில் கோடு போட்ட பெட்டிகளுக்கு இடம் உண்டு, கிரேக்க எழுத்துச் சிலவற்றுக்கு இடம் உண்டு, தமிழுக்கு ஓர் இடம்கூட இல்லை. விண்டோஸில் தமிழ் நேரடியாக யூனிகோடில் வந்து சேர்ந்த மொழி. ரஷ்ய மொழிக்கும் அரபுக்கும் இருப்பதைப் போல, கணினி தன் இயல்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளக்கூடிய பழைய பட்டியல் தமிழுக்குக் கிடையாது. ஆகவே எந்தப் பழைய பட்டியலைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வழியில் தமிழ் வராது.

போகிற வழியில் நடப்பது இதைவிட மோசம். ஏ1 கட்டத்தில் 'பட்டா' என்று எழுதி, அந்தச் சொல் வருகிற கோப்புகளை மட்டும் எடு என்று ஷெல் மூலம் டிருக்குச் சொல்கிறீர்கள். ஷெல்லும் பழைய பட்டியலையே நம்புவது. 'பட்டா' ஐந்து கேள்விக்குறிகளாக மாறித்தான் டிரிடம் போய்ச் சேரும். கட்டளை மொழியில் கேள்விக்குறிக்கு 'எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள். முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி வேறு. பட்டாவைக் கேட்டால் கரண்ட் பில், கல்யாணப் படம், வங்கிக் கணக்கு என்று கிட்டத்தட்ட டிரைவே வந்து கொட்டும்.

எக்செலிலும் கேள்விக்குறிக்கு அதே பொருள்தான். பட்டியலில் உள்ள ஆறு கேள்விக்குறிப் பெயரை விலுக்கப்பில் கொடுத்தால், ஆறு குறியீடு கொண்ட பெயர்களில் முதலில் தட்டுப்படுவதை எடுத்து நீட்டும். அது லெட்ஜராகவும் இருக்கலாம். அந்தப் பெயரில் கோப்பு உண்டா என்று விபிஏவின் டிர் ஃபங்ஷனைக் கேட்டால் 'உண்டு' என்ற பதிலே வரும். கில் என்ற அழிக்கும் கட்டளையும் கேள்விக்குறியை ஏற்றுக்கொள்வது. பழைய கோப்புகளை நீக்கும் மேக்ரோ ஒன்று இந்தப் பட்டியலை நம்பி ஓடினால், செல்வியின் கோப்பைக் குறிவைத்து லெட்ஜரை அழித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பெயரைத் தமிழிலேயே இட்டு, ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். நல்ல வேலை. தேடுவதற்கு மட்டும் யாரோ எழுதிக்கொடுத்த இந்த மேக்ரோ: டிர் பட்டியலை ஷீட்டில் இறக்கி, அதில் பெயரைத் தேடும். ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்து நின்றார். பெயரைத் தட்டிப் பார்த்த ஊழியர், "ஐயா, உங்க ஃபைல் இன்னும் ஸ்கேன் ஆகலைங்க, அடுத்த மாசம் வாங்க" என்றார். பெரியவர் எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, எக்ஸ்ப்ளோரர் சாளரத்தில் அவர் பெயரிலான கோப்பு எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவரைக் கூப்பிட்டு வந்தோம். எல்லா நாளும் அப்படி ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த ஊழியர் மேல் தவறு இல்லை. வரிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, பிழைச்செய்தி வரவில்லை. மேக்ரோ சொன்னதை அவர் நம்பினார்.

ஆதரிப்பவர்களுக்கு இதற்குப் பதில் உண்டு. கறுப்புச் சாளரத்தைக் கூப்பிடும்போதே யு சுவிட்சைப் போட்டால் டிர் யூனிகோடில் எழுதும் என்பார்கள். எழுதும்தான். ஆனால் அது கறுப்புச் சாளரத்தின் சொந்தக் கட்டளைகளுக்கு மட்டுமே செல்லும். வடிகட்டுவதற்காகப் பலரும் பின்னால் ஒட்டவைக்கும் ஃபைண்ட்எஸ்டிஆர் போன்ற வெளி நிரல்கள் அதைச் சட்டை செய்வதில்லை. பட்டியலை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதவைத்து, அது முடியும்வரை காத்திருந்து, யூனிகோட் என்று சொல்லித் திறந்து வாசிக்க வேண்டும். 65001 என்ற எண்ணைக் கொடுத்து யுடிஎஃப்-8க்கு மாற்றலாம் என்பது இன்னொரு பதில். அதைச் சாதாரணமாக வாசித்தால் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று விநோத எழுத்துகளாக உடைந்து வரும். சரியாக வாசிக்க வேறொரு ஆப்ஜெக்ட்டின் துணை வேண்டும். இதையெல்லாம் முறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மதிக்கிறேன். அவர்கள் எழுதுவது ஒரே வரி மேக்ரோ அல்ல. வகுப்பில் கைதட்டு வாங்குவது ஒரே வரிதான்.

இத்தனைக்கும் நல்ல வழி எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. 2016 பதிப்பு முதல் டேட்டா தாவலில் பவர் குவெரி உண்டு. ஃபோல்டரிலிருந்து எடு என்று சொன்னால் பெயர், தேதி, இருப்பிடம் எல்லாம் தனித்தனி நெடுவரிசையில் வந்துவிடும். கண்ணன் கண்ணனாகவே வருவான். டிர் அளவுக்கு வேகம் இராது. மேக்ரோதான் வேண்டும் என்றால் அந்த ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்டும் தமிழ்ப் பெயரைச் சிதைக்காது. நான் மெதுவானதையே தேர்ந்தெடுப்பேன். தவறான பட்டியலை நொடியில் வாங்கி என்ன செய்வது?

என்னைக் கோபப்படுத்துவது மேக்ரோவைவிட, அதோடு சேர்ந்து வருகிற அறிவுரை. "தமிழ்ல பேர் வைக்காதீங்க, இங்கிலீஷ்லயே வைங்க, பிரச்சினை வராது." தமிழில் பெயர் வைக்கும் உரிமை இயங்குதளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பயிற்றுநரின் ஒரு வரிக்காக அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? மாற வேண்டியது அந்த வரி.

இதைச் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் மேக்ரோவை ஓட்டுவதற்கு முன், உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் இட்டு ஒரு கோப்பைச் சேமியுங்கள். பிறகு மாணவர்கள் பார்க்க, அதைத் தேடிக் காட்டுங்கள்.