கண்ணீர்ப் பள்ளத்தாக்கு: டிம் ராபின்சனின் இடப்பெயர்ப் பணி

அயர்லாந்தின் மேற்கே உள்ள அரான் தீவுகளின் அரசு வரைபடத்தில் 'இல்லானனார்' என்றோர் இடப்பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருளில்லை. ஐரிஷ் மொழியிலும் இல்லை. டிம் ராபின்சன் தீவு மக்களிடம் கேட்டறிந்த பெயரோ 'கிளான் நா நியோர்', அதாவது கண்ணீர்ப் பள்ளத்தாக்கு. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய பிள்ளைகளைப் பெற்றோர் கடைசியாகப் பார்த்து நின்ற இடம் அது. செவி பிழைத்ததால் ஓர் ஊரின் துயரமே ஏட்டிலிருந்து மறைந்துபோயிற்று.

1824இல் தொடங்கிய ஆர்டினன்ஸ் சர்வே, வரி மதிப்பீட்டின் பொருட்டு அயர்லாந்து முழுவதையும் அளந்தது. பிரையன் ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தை (1980) படித்தோர், பழி முழுவதையும் அளவையாளர் மீதே சுமத்துவர். நாம் அதற்கு உடன்படோம். 1830 முதல் அப்பணியிலிருந்த ஜான் ஓடோனவன் ஐரிஷ் மொழியில் தேர்ந்த அறிஞர். பெயர்களின் மூல வடிவங்களையும் அவர் குறிப்பேடுகளில் பதிந்துவைத்தார். எனினும் படத்தில் பொறிக்கப்பட்டவை ஆங்கில எழுத்தில் திரிந்த வடிவங்களே. குறை அறிவில் இல்லை. எதை அச்சேற்றுவது என்று முடிவுசெய்த அதிகாரத்தில் இருந்தது.

ராபின்சனும் ஆங்கிலேயரே, யார்க்ஷயரைச் சேர்ந்தவர். 1972இல் அரானில் குடியேறி, மொழியைக் கற்று, நடந்தே தீவை அளந்தார். அவருடைய அரான் வரைபடம் 1975இலும், கொனமாரா வரைபடம் 1990இலும் வெளிவந்தன. பின்னதனுடன் இடப்பெயர் விளக்க நூலொன்றும் வந்தது. படங்களின் அழகைப் பலரும் புகழ்ந்துள்ளனர். நாமோ அந்நூலையே உயர்வாகக் கருதுகிறோம். படத்தில் பெயருக்கு மட்டுமே இடமுண்டு. பெயரின் பொருளும், அதைச் சொன்ன மீனவரின் கதையும் நூலில்தான் தங்கின. 2020இல் ராபின்சன் மறைந்தார். அவருக்குப் பெயர் சொன்ன முதியவர் பலர் அதற்கும் முன்பே போய்விட்டிருந்தனர்.