சுற்றைக் குறைத்தால் சிரமம் குறையுமா?

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் சாலையில் லாரிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவரின் தந்தை, பழைய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரர், சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். "சார், ஆரியங்காவு வளைவுல ஸ்டியரிங்கைச் சுத்திச் சுத்தியே தோள் விட்டுப்போகுது. வேற பாக்ஸ் போட்டா மூணு சுத்துல திரும்பிரும்னு பட்டறையில சொல்றாங்க. போட்டுறலாமா?"

இந்த யோசனை பல பட்டறைகளில் கேட்கக் கூடியதுதான். சொல்பவர்கள் கைத்தேர்ச்சி உள்ளவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. யோசனையைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருப்பது ஒரு திருகு. அதன்மேல் ஒரு நட்டு ஏறி இறங்குகிறது. இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. நட்டின் பற்கள் ஒரு பல்துண்டைத் திருப்ப, அதன் அச்சில் மாட்டிய டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடிச் சக்கரங்களைத் திருப்புகிறது. கை 24 டிகிரி சுற்றினால் சக்கரம் 1 டிகிரி திரும்புவதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை 75 டிகிரி திரும்ப வேண்டுமானால் கை ஐந்து முழுச் சுற்று சுற்ற வேண்டும். விகிதம் 16 ஆனால் மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல் போதும். பட்டறைக்காரர் சொன்னது இதுவரை சரியே.

ஆனால் பள்ளியில் படித்த இயந்திர லாபம் என்னவாயிற்று? முன் அச்சில் 5 டன் சுமை, டயரில் 100 பவுண்டு காற்று. நிற்கும் வண்டியின் சக்கரங்களை உலர்ந்த தார்ச் சாலையில் தேய்த்துத் திருப்ப, பொறியாளர்கள் கையாளும் தோராயச் சூத்திரப்படி, ஏறத்தாழ 3,100 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வேண்டும். (திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, சக்கரத்தடியில் கட்டை கொடுத்தே திருப்புகிறார்கள். பாரம் தாங்கிய சக்கரத்தைத் திசை மாற்றுவது எத்தகைய வேலை என்பதை அங்கே கண்ணால் காணலாம்.) பாக்ஸின் பயனுறுதிறன் நூற்றுக்கு 75, ஸ்டியரிங் வட்டத்தின் ஆரம் கால் மீட்டர் எனக் கொண்டால், 24 விகிதத்தில் கை தர வேண்டிய விசை சுமார் 70 கிலோகிராம் எடைக்குச் சமம். 16 விகிதத்தில் அதுவே 105 ஆகிவிடும்! வண்டி உருளும்போது இது வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குறைந்தபின்னும் ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கு மாறாது. தோள்வலிக்கு மருந்து கேட்டவருக்குத் தோள்வலியையே ஒன்றரை மடங்காகத் தருவது என்ன வைத்தியம்?

இதைவிட ஆபத்தானது வேறொன்று. பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கில் 'பிளே' இருக்கும். இவர் வண்டியில் வட்டத்தின் விளிம்பில் 5 சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தது. அதாவது ஏறத்தாழ 12 டிகிரி. இந்தத் தளர்ச்சி கிங் பின்னிலும் டை ராடு முனைகளிலும் இருக்குமானால், சக்கரத்தளவில் அது அரை டிகிரி. பாக்ஸை மாற்றியதும் அதே அரை டிகிரி, கையில் 8 டிகிரியாக, மூன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கித் தெரியும். 'பிளே குறைந்துவிட்டது, வண்டி சொன்னபடி கேட்கிறது' என்று ஓட்டுநர் மகிழ்வார். சக்கரத்தில் ஒரு நூலளவும் குறைந்திராது. அரை டிகிரி என்றால் அற்பமென்று நினைக்க வேண்டாம். அச்சுக்கு அச்சு 4.2 மீட்டர் உள்ள லாரி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அரை டிகிரி திரும்பிய சக்கரத்தோடு மூன்று விநாடி ஓடினால் பக்கவாட்டில் இரண்டரை மீட்டர் விலகியிருக்கும். எதிரே பேருந்து வரும் இடம் அது.

வேகத்தில் திருப்புவதையும் பார்ப்போம். குறுக்கே ஆடு வந்தால் ஓட்டுநரின் கை பழக்கத்தால் ஓரளவு வெட்டும்; 45 டிகிரி என்போம். மேற்சொன்ன லாரியில், அதே 60 கிலோமீட்டர் வேகத்தில், பழைய பாக்ஸானால் பக்கவாட்டு முடுக்கம் எளிய கணக்கில் விநாடிக்கு விநாடி 2.2 மீட்டர்; புதியதில் 3.2. பஞ்சுப் பொதியை உயர ஏற்றி ஈர்ப்பு மையம் மேலே போன லாரி, இந்த இரண்டாவது எண்ணுக்கு அருகிலேயே கவிழத் தொடங்கலாம். கை கற்ற பழக்கம் இருபது ஆண்டுப் பழக்கம். பாக்ஸ் மாறுவது ஒரு பிற்பகலில்.

அப்படியானால் விரைவான ஸ்டியரிங்கே தவறா? இல்லை. எண்ணெய் அழுத்தம் கைக்கு உதவும் பவர் ஸ்டியரிங்கில் குறைந்த விகிதம் பொருத்தமே. அசோக் லேலண்ட் நிறுவனம் 1969இலேயே அதை நம் நாட்டு வணிக வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது பம்பு, எண்ணெய்த் தொட்டி, குழாய்கள், அந்த பாக்ஸுக்குரிய டிராப் ஆர்ம், அதைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம். பாக்ஸை மட்டும் பழைய வண்டியிலிருந்து கழற்றி வந்து மாட்டுவது, மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தலைப்பாகையை அழைத்து வருவது போன்றது. முழுத் தொகுதியும் போட்டாலும் இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். அப்போது குறைந்த விகிதத்தின் முழுப் பளுவும் கைக்கே வரும். போடுபவர்கள் ஒருமுறையாவது, வெற்று மைதானத்தில், எஞ்சினை நிறுத்தி மெல்ல உருளவிட்டுத் திருப்பிப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

நம் பாடப்புத்தகங்கள் மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இயந்திர லாபத்துக்குக் கிணற்றுக் கப்பியும் சாய்தளமும் போதுமென்று விட்டுவிடுகிறோம். வாசலில் நிற்கும் லாரியை வகுப்புக்குள் கொண்டுவந்திருந்தால், அந்த மாணவரே தம் தந்தைக்குப் பதில் சொல்லியிருப்பார்.

மறுநாள் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். கிங் பின் புஷ் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. டை ராடு முனை ஒன்று கையாலேயே ஆடியது. அவற்றை மாற்றி, டயர்களில் குறைந்திருந்த காற்றையும் நிரப்பியபின் ஆட்டம் 2 சென்டிமீட்டருக்கும் கீழே வந்தது. பழைய பாக்ஸ் அப்படியே இருக்கிறது. பவர் ஸ்டியரிங் தொகுதிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.